பிச்சையா மகன் பிச்சை

— சுளக எறக்கி விடுங்கக்கா, கழுத்து ஒடிஞ்சு விழுந்துரும் போலருக்கு. எரும கட்டுற தபேலாவுல இருந்து இதத் தலையில வச்சே வாரேன்.

— நானே இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் முப்பிடாதி. குனிஞ்சா நிமிர முடியல. ஏன், ஒம்மாப்பிள்ள பின்னால கைய வீசிக்கிட்டுத்தானே வாராரு? பிச்சையா தம்பி, நீங்க எறக்கப்படாதா?

— நான் தொடக் கூடாதாம் மதினி. வித்தவதான் செமக்கணுமாம், வாங்குனவுகதான் எறக்கணுமாம். வழி பூராவும் இவ சட்டம் பேசிக்கிட்டே வந்தா. தோல் கம்பெனியில சுண்ணாம்புக் குழிக்குள்ள நாள் முழுக்க நின்னவன், எனக்கும் காலு கடுக்கத்தான் செய்யிது.

— ஒம்ம காலு கடுக்குறது இருக்கட்டும். பிடிங்கக்கா... ஆங், மெதுவா. அப்பாடா!

— ஏளா, என்னது இது? தவுடா? சீ, தூரத் தள்ளி வையி, வாட கொமட்டுது. எரும திங்கிறத எதுக்கு என் வாசல்ல கொண்டாந்து எறக்குத?

— ஒங்களுக்குத்தான் சபுராக்கா. அன்னைக்குத் தவுட்டக் குடுத்துப் புள்ளய வாங்குனீகள்லா? இன்னைக்குத் தவுட்டக் குடுத்து ஒங்ககிட்டருந்து திருப்பி வாங்க வந்திருக்கேன். நாளைக்குப் பிள்ளையார் கோயில்ல வச்சு அவனுக்குக் காது குத்து.

— காது குத்தா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

— அதச் சொல்லத்தானே வந்திருக்கோம் மதினி. இவ அண்ணன் அய்யாத்துரை கல்யாண் ஊர்ல இருந்து ரயிலேறி வாரான். தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். எம்மகனுக்குக் கம்மல், சட்ட, டவுசர் எல்லாம் அவன் எடுத்துட்டான்.

— வாய அடக்கும். 'எம்மகன்'ங்காரு பாருங்க! இன்னும் மீட்கல. எமன் காதுல விழுந்து தொலைக்கப் போவுது.

— எமன் தாராவிக்கு வந்தா மூக்கப் பொத்துவானே தவிர காத எங்க தீட்டப் போறான்? நீ வேற.

— இவருக்கு எல்லாம் வெளையாட்டுக்கா. நான் மூணு வருசமா அவன மகனேன்னு ஒரு தரம் வாய்விட்டுக் கூப்பிட்டதில்ல. வித்த புள்ளய அப்படிக் கூப்பிடக் கூடாதுல்லா? அடுத்த வீட்டுப் புள்ளய அதட்டுத மாதிரி 'ஏ பிச்சை, இங்க வா, ஏ பிச்சை, அங்க போவாத'ன்னுதான். பால் குடுக்கும்போதுகூட அப்படித்தான். நாளைக்குக் காதுல கம்பி ஏறும், அழுவான். அப்பவாவது அள்ளி எடுத்து, ஏ என் மகனேன்னு ஒரு தரம் சொல்லணும். அதுக்குத்தான் இந்தத் தவுட்டச் செமந்துக்கிட்டு வந்தேன்.

— ஒரு தரம் என்ன, ஒம்பது தரம் சொல்லு. நான் வேண்டாம்னா சொல்லுதேன்.

— அப்படியே பேரையும் நாளைக்கே மாத்திரலாம்னு இருக்கேன் மதினி.

— எந்தப் பேர?

— அவன் பேரத்தான். பிச்சைங்கிற பேர.

— நான் வச்ச பேர.

— நீங்க வச்ச பேருதான். இல்லேங்கல. கோவிச்சுக்கிடாதீக.

— ஏளா முப்பிடாதி, ஒம்புருசன் சொல்லுதது கேட்டியா?

— நான் அதுல தலையிடலக்கா. நீங்க அவனப் பிச்சைன்னு கூப்பிட்டாலும் சரி, பேயின்னு கூப்பிட்டாலும் சரி, அவன் ஓடிவந்து முன்னால நின்னா எனக்கு அது போதும். மூணு பெத்தேன், மூணும் போச்சு. ஒண்ணு பேரு வைக்கிறதுக்குள்ளயே போச்சு. ஒண்ணுக்கு ராஜகுமாரின்னு ஆசையாப் பேரு வச்சோம், தவழ ஆரம்பிச்சதும் போச்சு. இவன் ஒருத்தந்தான் நின்னான். நீங்க வாங்குனதுனால நின்னான். நான் வெந்து சாம்பலானாலும் அத மறக்க மாட்டேன்.

— வெளக்கு வைக்கிற நேரம், அழாதளா.

— சந்தோசத்துல வருதுக்கா. வந்துட்டுப் போட்டும்.

— மதினி, நான் சொல்லுறதையும் கேளுங்க. எம்பேரு பிச்சையா. அவன் பேரு பிச்சை. கம்பெனியில முக்காதம் இருக்கான்லா, எங்களுக்கு வேல பிரிச்சுக் குடுக்கிறவன், அவன் ஒரு நா எம்பேருக்கு என்னடா அர்த்தம்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்ச இந்தியில 'பீக்'னு சொல்லித் தொலச்சுட்டேன். அன்னையில இருந்து எனக்குப் பேரு பிகாரி, அவன் பாசையில பிச்சக்காரன். 'ஏ பிகாரி, தோலத் தூக்கு. ஏ பிகாரி, குழியில எறங்கு.' போன வாரம் நம்ம ஆளு ஒருத்தன் அவங்கிட்டப் போயி, இவன் மகன் பேரும் அதுதான்னு சொல்லிக்குடுத்துட்டான். அப்பனும் பிகாரி, மவனும் பிகாரின்னு குழியச் சுத்தி நின்னுக்கிட்டுச் சிரிக்கானுவ.

— அவனுக சிரிச்சதுல ஒங்க ஒடம்புல ஒரு கிலோ கொறஞ்சு போச்சாக்கும்?

— எனக்குப் பழகிப்போச்சு. புள்ள காதுல விழப்படாதுன்னு பாக்கேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் போவான். பேரென்னன்னு கேட்டா நிமிந்து நின்னு சொல்லுத மாதிரி ஒரு பேரு வேண்டாமா?

— பிச்சைன்னா பிச்சக்காரன்னு எவன் சொன்னான்? எங்க வாப்பா பேரு மைதீன் பிச்சை. கடையநல்லூர்ல போயிக் கேளுங்க. தறிக்காரத் தெருவுல எங்க வாப்பா வந்தா உக்காந்திருக்கிறவன் எந்திரிப்பான். அவரப் பெத்தவுக பொட்டல்புதூர் தர்கா வாசல்ல முந்தானைய ஏந்திக்கிட்டுக் கிடந்து பெத்தாக. மைதீன் ஆண்டவர் போட்ட பிச்சை. பிச்சைங்கிறது ஏந்துன கைக்குப் பேரு இல்ல தம்பி, கையில வந்து விழுந்ததுக்குப் பேரு. நான் வாங்குன புள்ளைக்கு எங்க வாப்பா பேர வச்சேன். அதுல என்ன கொற கண்டீக?

— இந்த அர்த்தம் எனக்குத் தெரியாதா மதினி? எங்காத்தாவும் மஞ்சச் சேலையக் கட்டிக்கிட்டு ஏழு ஊரு மடிப்பிச்ச எடுத்துத்தான் என்னப் பெத்தா. அந்த அரிசியப் பொங்கி அம்மனுக்கு வச்சுட்டுத்தான் எனக்குப் பேரே வச்சா. எங்கூர்ல தெருவுக்கு நாலு பிச்சையா உண்டு, ஒருத்தனப் பாத்தும் ஒருத்தன் சிரிக்க மாட்டான். இங்க அத எப்படிச் சொல்லுதது? முக்காதத்துக்கு எங்காத்தா மடிய விரிச்சுக் காட்டவா முடியும்?

— ...அதுவும் சரிதான். சரி, என்ன பேரு வைக்கப் போறீக?

— ராஜதுரை.

— யாரப்பே! ராசாவும் தொரையும் ஒரே ஆளா? தெருச் சாக்கடைய எதுல தாண்டுவாரு, பல்லக்குலயா?

— சிரிக்காதீகக்கா. இவரு ஒறக்கத்துலகூட அந்தப் பேரச் சொல்லிச் சொல்லிப் பாக்காரு.

— பேருக்குத் தக்கனயா எல்லாரும் இருக்கோம்? எங்க வீட்டு ஆளு பேரு ஹனீபு. கோணாம நேரா நிக்கிறவன்னு அர்த்தமாம், பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொன்னாரு. அந்தா கேக்குதா சத்தம்? பக்கத்துப் பட்டறையில டிரங்குப் பெட்டிக்கு ஆணி அடிச்சு அடிச்சுக் கூனிப்போயிக் கிடக்காரு. எம்பேரு சபுரா. பொறுமைன்னு அர்த்தம்.

— ஒங்களுக்கா பொறுமை! கொழாயடியில குடத்தத் தூக்கி எறிஞ்சது யாருக்கா, நானா?

— அது தண்ணிக்கு. தண்ணிக்கு மட்டும் பொறும கிடையாது. மத்தபடி எனக்குப் பொறுமதான். மாட்டுங்கா தையக்கடைச் சட்டைக்குப் பித்தான் தச்சுக்கிட்டு இந்த மூலையில உக்காந்திருக்கேன். ரெண்டப் பெத்துக் கபர்ஸ்தான்ல வச்சுட்டு உக்காந்திருக்கேன். என்னைக்காவது எனக்கு இன்னது குடுன்னு அல்லாகிட்டயோ ஒங்கிட்டயோ சத்தம் போட்டிருப்பேனா?

— அய்யோ, நான் பேச்சுக்குச் சொன்னேன்க்கா.

— நானும் பேச்சுக்குத்தான் சொல்லுதேன். சரி, நேரமாச்சு. தவுட்ட எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ.

— எடுத்துக்கிட்டா? வாங்கிக்கிட மாட்டீகளா?

— மாட்டேன்.

— மதினி, ராஜதுரைங்கிறது பிடிக்கலேன்னா வேற ஏதாவது...

— பேரு கிடக்கட்டும் தம்பி. நான் அவனத் தவுட்டுக்கு வாங்கவே இல்ல. இப்பத் தவுட்ட எப்படித் திருப்பி வாங்குவேன்?

— என்னக்கா சொல்லுதீக? அவன இதே சுளகுல போட்டு, ஒங்க நடையில வச்சு, தவுட்டுக்கு விக்கேன், தவுட்டுக்கு விக்கேன்னு மூணு தரம் சொன்னேன்லா? நீங்கதானே வாங்கிக்கிட்டேன்னீக?

— வாங்கிக்கிட்டேன்னேன். எதக் குடுத்து வாங்குனேன்னு நீ பாத்தியா?

— எங்க பாக்க? எல்லையில சண்டை நடந்த வருசம். வெளக்கு எரியக் கூடாதுன்னு விசில ஊதிக்கிட்டுத் தெருத்தெருவாத் திரிஞ்சானுவ. கும்மிருட்டு. தடவித் தடவித்தானே ஒங்க கையில குடுத்தேன்.

— அந்த இருட்டுல தவுட்டுக்கு நான் எங்க போக? ஊர்லன்னா ஒரல்கிட்டக் கையப் போட்டாத் தவுடு. இங்க ரேஷன் கடையில மெஷின்ல தீட்டுன அரிசியில்லா போடுதான்? தபேலாக்காரன் கதவப் பூட்டிட்டுப் போயிட்டான். நீயோ பெத்த ஒடம்போட, விடியறதுக்குள்ள வித்தாவணும், இல்லேன்னா இதும் போயிரும்னு கிடந்து துடிக்க. நான் அடுப்புப் பக்கம் தடவுனேன். அரிசி டப்பா கையில பட்டுச்சு. ஒரு நாழி அளந்து ஒஞ்சுளகுல போட்டுட்டு, வாங்கிக்கிட்டேன்னு சொன்னேன்.

— அரிசியா?

— அரிசி.

— அந்த வருசத்துலயா? ரேஷன் வரிசையில ஆளுக மயங்கி விழுந்தாகளே, அந்த வருசத்துலயா மதினி?

— ஆமா. அந்த வாரத்துக்கு அவருக்கும் எனக்கும்னு இருந்ததே அம்புட்டுத்தான்.

— அக்கா, அப்ப அந்த அரிசி எங்க போச்சு? நான் சுளகத் திரும்பிக்கூடப் பாக்கலயே.

— எங்க போச்சா? விடிஞ்சதும் பூண்டும் வெந்தயமும் போட்டு ஒனக்குக் கஞ்சி கொண்டாந்தேன்லா? நாலு நாளும் குடிச்சியே, உப்புக் கொறச்சல்னு மொகத்த வேற சுளிச்சியே?

— யாத்தே! புள்ளய வித்த அரிசியிலயா நான் கஞ்சி குடிச்சேன்?

— அந்தக் கஞ்சியிலதான் ஒனக்குப் பால் ஊறுச்சு. அந்தப் பாலத்தான் அவன் குடிச்சான். என் அரிசி சுத்தி வந்து அவன் வயித்துக்குத்தான் போச்சு. எனக்கு நட்டமில்ல.

— நீங்க ரெண்டு பேரும் என்னத்தத் தின்னீக?

— டீத்தண்ணி, பாவு ரொட்டி. எங்க ஆளு கேட்டாரு, டப்பா ஏன் லேசா இருக்குன்னு. எலி தின்னுட்டுன்னேன். ஏ... ஏ... எந்திரி. காலுல விழாத. எங்களுக்குள்ள அது கூடாது. எந்திரிளா!

— வேற என்ன செய்யக்கா நான்? எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?

— மதினி, நில்லுங்க. எனக்கு ஒண்ணு புரியணும். தவுடுங்கிறது சும்மா ஒரு ஏமாத்து. ஒண்ணுத்துக்கும் ஒதவாத புள்ள, தவுட்டுக்குப் போன புள்ளன்னு எமன் அருவருத்துக்கிட்டுப் போவட்டும்னு செய்யிறது. நீங்க அரிசி குடுத்திருக்கீக. அதும் ஒங்க வாயில இருந்து பிடுங்குன அரிசி. அப்படின்னா அது ஏமாத்து இல்லயே.

— இல்ல.

— நெசமாவே வாங்கிட்டீக.

— ஆமா தம்பி. நான் நெசமாத்தான் வாங்குனேன்.

— மதினி, அவனத் தர மாட்டேன்னு சொல்லுதீகளா?

— இங்கேரும், இது என்ன பேச்சு!

— நீ சும்மா இரு முப்பிடாதி. பாதி நா இங்கதான் திங்கான். இப்பவும் அந்தா அவுக பாயிலதான் ஒறங்கிக் கிடக்கான். ஒன்ன ஏளாங்கான், அவுகள உம்மாங்கான். நான் என்னைக்காவது மொகம் கோணியிருப்பனா? காய்ச்சல் வந்தப்ப மழையில அவனத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது ஹனீப் அண்ணாச்சிதான், நான் குழிக்குள்ள நின்னேன். எல்லாம் நெஞ்சுல இருக்கு. ஆனா அவன் எம்மகன் மதினி. எனக்கு வேற கிடையாது.

— அக்கா கேட்டா நான் குடுத்துருவேன். நல்லாக் கேட்டுக்கிடும். அவுக வாங்கலேன்னா இன்னைக்கு மத்த மூணோட நாலாவதா மண்ணுக்குள்ள கிடப்பான். மண்ணுக்குள்ள கிடக்கிறதுக்கு ராஜதுரைன்னு பேரு வச்சா என்ன, வைக்காட்டி என்ன? எந்தப் பாயில ஒறங்குனா ஒமக்கென்ன, மூச்சு விட்டுக்கிட்டு ஒறங்குதான்லா?

— சத்தம் போடாதீக, முழிச்சிருவான். தம்பி, அவனத் தர மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? தவுடு வாங்க மாட்டேன்னுதான் சொன்னேன். தூக்கிட்டுப் போங்க. காதக் குத்துங்க. ராஜதுரைன்னோ சக்கரவர்த்தின்னோ ஒங்க இஷ்டத்துக்கு வைங்க. எங்க வாப்பா ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு.

— அப்ப அரிசிக்கு அரிசி. இந்தா, இப்பவே ஓடிப்போயி அளந்து கொண்டாரேன் மதினி. ரெண்டு நாழியாத் தாரேன்.

— ரெண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இப்ப வேண்டாம். கடன் நிக்கட்டும்.

— கடன் நின்னா அவன் மீண்டதாவாதேக்கா.

— ஆவாது.

— அப்ப நாளைக்கு அவன் அழுதாலும், மகனேன்னு நான் சொல்ல முடியாது.

— முடியாது. யாரு வந்து கேட்டாலும், எமனோ, உசுரெடுக்க வார மலக்கோ, இவன் இன்னும் சபுரா வீட்டுப் புள்ள, அரிசிக் கடன் தீரலன்னு சொல்லிரு.

— ...சரிக்கா. மூணு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தேன், இன்னும் கொஞ்ச நா இருக்க மாட்டேனா? நீங்க சொன்னா அதுல ஒரு காரியம் இருக்கும்.

— மதினி, நானும் ஒண்ணு சொல்லிருதேன். ராஜதுரைங்கிறத நாளைக்குக் காதுக்குள்ள மட்டும் சொல்லிவிடுதேன். வெளிய அவன் பேரு பிச்சைன்னே இருக்கட்டும். முக்காதம் சிரிச்சாச் சிரிக்கட்டும். ஆமாடா, சோத்துக்கு இல்லாத வருசத்துல ஒரு புண்ணியவதி போட்ட பிச்சடா இதுன்னு சொல்லுதேன்.

— இந்தியிலயா?

— தமிழ்லதான். புரிஞ்சாப் புரியட்டும், இல்லேன்னா அவன் தலையெழுத்து.

— இப்பத்தான் தம்பி நீங்க மைதீன் பிச்சை மாதிரி நிக்கீக. ஏளா, இந்தத் தவுட்டக் கொண்டுபோயி எருமைக்கே போடு. இன்னும் கொமட்டிக்கிட்டுத்தான் இருக்கு.

— போடுதேன்க்கா. அந்த அரிசிய மட்டும் எப்பத் தரணும்னு ஒரு கெடு சொல்லுங்க.

— மாசி மாசம்.

— மாசியிலயா? மாசியில என்னக்கா விசேசம்?

— கிட்ட வா. தம்பி, நீங்களும் வெளிய விடப்படாது, அவருக்கே நான் இன்னும் சொல்லல. முந்தி ரெண்டு தரமும் உண்டாயிருக்கேன்னு சொன்ன பொறவுதான் கையவிட்டுப் போச்சு. மாசியில எந்த நேரத்துல ஆளனுப்புனாலும், வெளக்கு இருந்தாலும் இல்லாட்டியும், சுளகோட இந்த நடையில வந்து நில்லு முப்பிடாதி. நான் மூணு தரம் சொல்லுவேன், நீ எம்புள்ளய வாங்கிட்டுப் போயி, ஒலகத்துல எவனும் ஏறெடுத்துப் பாக்காத ஒரு பேரா வையி. ஒனக்கு நான் தவுட்டுக்கு விக்க மாட்டேன், நீ எனக்குத் தர வேண்டியது ஒரு நாழி அரிசி.